வகுப்புக்கு வந்தால்தான் பந்து

அன்று மாடியில் இருந்தவர்கள் ஐந்து பேர். எங்கள் கல்லூரியை நடத்திவந்த தட்டச்சு மாஸ்டர். அடுத்த தெருவில் இன்னொரு கல்லூரியை நடத்திய கணக்கு மாஸ்டர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பகலில் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. எங்கள் காற்பந்துக் குழுவின் கேப்டன், துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுபவர். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மாலை நேரத்தில் மீ கோரெங் நூடுல்ஸ் வண்டி போடும் பாய். எங்கள் எல்லா ஆட்டத்துக்கும் அவர்தான் நடுவர். ஐந்தாவது ஆள் நான், செயலாளர். போட்டியில் இன்னும் இரண்டு கல்லூரிகள் உண்டு. அவர்கள் வரவில்லை. வராதவர்கள் ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

கல்லூரி என்றதும் புல்வெளியும் மணிக்கூண்டும் நினைத்துவிட வேண்டாம். ஐம்பதுகளில் சிராங்கூன் ரோட்டுக் கடைவீடுகளின் மாடியில் ஓர் அறை கிடைத்தால் போதும், வெளியே பலகை மாட்டிக் கல்லூரி என்று எழுதிவிடுவார்கள். எங்கள் கல்லூரிக்குக் கீழே மசாலா அரைக்கும் ஆலை. மேலே எட்டுத் தட்டச்சு இயந்திரங்கள். வகுப்பு நடக்கும்போது மிளகாய் நெடி படியேறி வரும், தும்மிக்கொண்டே தட்டுவார்கள். கணக்கு மாஸ்டரின் கல்லூரியில் இயந்திரம்கூடக் கிடையாது, நீளமான இரண்டு மேசைகள்தான். அங்கே பற்று வரவு சொல்லிக்கொடுத்தார்கள்.

இந்த நான்கு கல்லூரிகளும் சேர்ந்து ஒரு கோப்பை வைத்திருந்தன. ஃபேரர் பார்க் திடலில் சனிக்கிழமை மாலைகளில் ஆட்டம். வேடிக்கை பார்க்கக் கூட்டம் வரும். பால்காரர்களின் மாடுகளும் வரும்.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். துணிக்கடையில் முழம் போடும் வேலை. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று செயலாளர் ஆக்கினார்கள். பொறுப்பு என்று ஒன்று கையில் வந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும். சனிக்கிழமை மழை வருமா என்று திங்கட்கிழமையே கவலை தொடங்கும். பந்தின் பிளாடர் ஓட்டையாகுமோ, மாடு கோல் கம்பத்தைச் சாய்த்துவிடுமோ, முதலாளி கடைசி நேரத்தில் கடையைப் பூட்டாமல் நிறுத்தி வைப்பாரோ. இத்தனைக்கும் நடுவில் ஒரு மணி நேரம் மட்டும் எனக்குக் கவலை இருக்காது. ஃபுல் பேக்காகத் திடலில் நின்று, எதிரே பந்து வருகிற அந்த ஒரு மணி நேரம். அதற்காகத்தான் கல்லூரியில் பெயரைக் கொடுத்து மாதம் ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து டாலர், கட்டிவந்தேன். வகுப்புப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. எங்கள் குழுவில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

முந்தின ஆண்டு இறுதி ஆட்டத்தில் என்னை உட்காரவைத்துவிட்டார்கள். கேப்டன் கடற்படைத் தளத்திலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்து என் இடத்தில் நிறுத்தினார். அவருக்குப் பத்து வெள்ளி, ஒரு பிரியாணி. ஆட்டத்துக்கு முன்னால் பாய் அவரிடம், "எந்தக் காலேஜு நீங்க?" என்று கேட்டபோது அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துச் சொன்னார். நான் கோட்டுக்கு வெளியே எல்லோருடைய கைக்கடிகாரங்களையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரணியிலும் அப்படி மூன்று பேர். சண்டை வந்து, நாற்காலி பறந்து, கோப்பையை யாருக்கும் கொடுக்காமல் பாய் தன் வண்டிக்கடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வருஷம் அதில்தான் அவர் கரண்டிகள் நின்றன.

அதனால்தான் அந்தக் கூட்டம். விதிகளைத் திருத்த வேண்டும் என்று நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். மனதில் இருந்தது ஒன்றே ஒன்று: இந்த முறை இறுதி ஆட்டத்தில் நான் ஆட வேண்டும்.

"வெளியாளு வேணாங்க. கல்லூரில பேரு இருக்குறவங்கதான் ஆடணும்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"பேரு இருந்தாப் போதுமோ?" என்றார் கணக்கு மாஸ்டர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ ஆபத்து. "பேரு எழுதுறதுக்கு எவ்வளவு நேரம் தம்பி? நாளைக்கு நான் நேவல் பேஸில இருக்கிற அத்தனை பேரையும் என்ர பதிவில எழுதிப்போடுவன். அந்தக் கிழமை வகுப்புக்கு வந்தவன்தான் அந்தக் கிழமை ஆட்டத்தில ஆடலாம். அப்பிடி வையுங்கோ." யாழ்ப்பாணத்தில் கிழமை என்றால் வாரம்.

தட்டச்சு மாஸ்டர் முகம் மலர்ந்தது. ஐந்து வெள்ளி கட்டுபவர்கள் நேரில் வந்து உட்காரும் காட்சியை அவர் அதுவரை கண்டதில்லை. "பேஷான யோசனை," என்றார்.

கேப்டன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "என்ன மாஸ்டர் வெளையாடுறீங்களா? நாள் பூரா வின்ச்ச இழுத்துட்டு வந்து, ராத்திரி வந்து ஏ பி சி தட்டணுமா? நம்ம கோல்கீப்பரு விரலப் பாத்திருக்கீங்களா? ஒரு தட்டு தட்டுனா நாலு எழுத்து விழும்லா!"

"நாலு எழுத்து விழுந்தா நாலு எழுத்து படிச்சவன் ஆயிடுவான்," என்றார் பாய்.

வெளியாளை அடைக்கக் கதவைச் சாத்தப்போய், என் கால் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. பள்ளிக்கூட பெஞ்சு என்றாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். ஆனால் திருத்தம் கேட்டதே நான்தான், எந்த முகத்தோடு மறுப்பது? ஒன்று மட்டும் கேட்டேன்.

"போன வருஷம் வெளியாளுக்குப் பத்து வெள்ளி குடுத்தோம். அதுக்குப் பதிலா, ஜெயிச்ச கல்லூரி, ஆடுனவங்க படிக்கக் கட்டுன அந்த மாசச் சம்பளத்தத் திருப்பிக் குடுக்கட்டுமே."

"படிக்க வாறவனுக்குக் காசோ!" கணக்கு மாஸ்டர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார்.

"காசு குடுக்கச் சொல்லல சார். அவன் கட்டுனத அவனுக்கே திருப்பி."

இதற்கு ஒரு மணி நேரம் வாக்குவாதம். காசு கொடுத்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்றார் ஒருவர். கொடுக்காததாலா இதுவரை கெடாமல் இருந்தது என்றார் பாய். கடைசியில் இரண்டு மாஸ்டர்களும் தலையாட்டினார்கள். தோற்றால் கொடுக்க வேண்டாமே என்ற தைரியம் இருவருக்கும் இருந்திருக்க வேண்டும்.

வேறு விதிகளும் வந்தன. எங்களில் பாதிப் பேருக்குப் பூட்ஸ் இல்லை. அதனால் பூட்ஸ் போட்டவன் வெறுங்காலனை மிதித்தால் தப்பு, வெறுங்காலன் பூட்ஸ்காரனை மிதித்தால் அது அவன் தலையெழுத்து. ஏழு பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம். துறைமுக ஆட்கள் வேலை முடிந்து வர வர உள்ளே சேர்ந்துகொள்ளலாம். இது பழைய விதி. இதை யாரும் தொடவில்லை. அன்று இதைத் தொட்டிருந்தால் பிறகு நடந்த கூத்து நடந்திருக்காது.

வகுப்பு வெள்ளிக்கிழமை மாலை. முதல் வெள்ளிக்கிழமை பதினோரு பேரும் மாடியேறினோம். படி பொறுக்கவில்லை, கீழே ஆலைக்காரர் என்னவோ ஏதோவென்று வெளியே ஓடிவந்தார். எட்டு இயந்திரங்களில் மாறி மாறி உட்கார்ந்தோம். கோல்கீப்பர் தட்டியதில் இரண்டு எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. "மல்யுத்தமா பண்றே?" என்று மாஸ்டர் வந்து பிரித்துவிட்டார். கேப்டன் மட்டும் ஒரே மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். வின்ச் இழுக்கிற கைக்கு நிதானம் பழகியிருந்தது. எனக்குத்தான் வரவில்லை. ஒரு வரி முடிவதற்குள், அடுத்த வரியில் தப்பு வந்துவிடுமோ என்ற நினைப்பு வரும், உடனே வந்துவிடும்.

வந்தால் போதும், தட்டத் தெரிய வேண்டும் என்று விதி இல்லை. அந்த ஒரு நிம்மதியில் வாரங்கள் ஓடின. நாங்களும் கணக்கு மாஸ்டரின் கல்லூரியும் இறுதிக்கு வந்தோம்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை தீபாவளி. வகுப்பு கிடையாது. ஆனால் வகுப்பு இல்லாவிட்டால் ஆட்டமும் இல்லையே! தட்டச்சு மாஸ்டர் வகுப்பைச் சனிக்கிழமை நாலு மணிக்கு மாற்றினார். அடுத்த தெருவில் கணக்கு மாஸ்டரும், இவரிடம் கேட்காமலே, அதே நாலு மணிக்கு மாற்றியிருந்தார். ஐந்தேகாலுக்கு ஆட்டம். ஒரு மணி நேர வகுப்பு, பத்து நிமிஷ நடை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் வியாழக்கிழமையிலிருந்தே நெஞ்சு அடித்துக்கொண்டது. கேப்டன் சிரித்தார். "டேய் செக்ரட்டரி, உனக்குக் கவலைப்படுறதுக்கு ஓவர்டைம் குடுக்குறாங்களா?"

சனிக்கிழமை எல்லோரும் முறுக்கும் ஆட்டுக்கறியும் நிறைந்த வயிற்றோடு, ஜெர்சி மேல் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். மாஸ்டர் வர நாலேமுக்கால் ஆகிவிட்டது. தீபாவளிக்கு வந்த மாமனார் விடவில்லையாம். வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"ஒரு மணி நேரம் வகுப்புன்னா ஒரு மணி நேரம்."

"மாஸ்டர், அஞ்சேகாலுக்குப் பந்து!"

"அரை வகுப்புக்குக் கையெழுத்துப் போட்டா கணக்கு மாஸ்டர் சும்மா விடுவாரா? கோப்பையப் புடுங்கிடுவாரு."

கணக்கு மாஸ்டர் சும்மா விடமாட்டார் என்பது உண்மை. வகுப்பு தொடங்கியது. ஐந்தேகால் ஆனது. ஐந்தரையும் ஆனது. அப்போது படியில் தடதடவென்று சத்தம். பாய், கறுப்பு அரைக்கால் சட்டையும் கழுத்தில் விசிலுமாக வந்து வாசலில் நின்று, விசிலை எடுத்து ஓங்கி ஊதினார். எட்டு இயந்திரங்களும் நின்றன.

"இங்க விசில் ஊதக்கூடாது," என்றார் மாஸ்டர்.

"வேற எங்க ஊதுறது? தெடல்ல மாடுதான் நிக்கிது! கூட்டம் கத்துது. அந்தக் காலேஜும் வரல. பதினஞ்சு நிமிசம் வராட்டித் தோத்ததா விதி. ரெண்டு பேருமே வரலன்னா யாரு தோத்தது? நான் தோத்தேனா? ஏழு மணிக்கு நான் அடுப்ப மூட்டணும் மாஸ்டர்."

"அவங்க ஏன் வரல?"

"அங்கயும் பாடம் முடியல. ரெண்டு பக்கமும் சமமா வரணும்னு ஐந்தொகை போட்டுக்கிட்டிருக்காங்க. இப்பத்தான் போயி அங்கயும் ஊதிட்டு வர்றேன். கணக்கு சரியா வந்தவன் போலாம்னு சொல்லிட்டாரு அவரு."

மாஸ்டர் யோசித்தார். எதிராளி இறங்கிவந்த அளவுக்கு மேல் ஒரு அங்குலமும் இறங்க அவருக்கு மனமில்லை. "சரி. சரக்கு நல்லபடியா வந்து சேர்ந்துதுன்னு ஒரு கடிதம் இருக்குல்ல? அதுல அஞ்சு வரி. தப்பில்லாம அடிச்சவன் போலாம். அடிக்காதவனுக்கு மணி எத்தன ஆனாலும் வகுப்பு முடியாது. தாள்ல கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

கேப்டன் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். மழை கொட்டுவதுபோல் ஒரு சத்தம்; தாளை உருவினார்; போனார். பின்னால் ஒவ்வொருவராக. ஆறாவதாக, நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், கோல்கீப்பர். ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தையும் கொசு அடிப்பதுபோல் அடித்தே முடித்துவிட்டார். ஏழாவது ஆள் இறங்கியதும் பாய் ஓடினார். ஏழு பேர் போதுமே, ஆட்டம் தொடங்கலாம்.

அந்த மாதிரி ஓர் இறுதி ஆட்டம் உலகத்தில் எங்கும் நடந்திருக்காது. பார்த்தவர்கள் பிறகு சொன்னதுதான். ஏழுக்கு ஏழாகத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் எங்கள் பக்கம் ஓர் ஆள் தாளை ஆட்டிக்கொண்டே ஓடிவந்து சேர, எட்டுக்கு ஏழு. உடனே நாங்கள் ஒரு கோல். பிறகு அவர்களுக்குக் கணக்கு சரியாக வந்த இரண்டு பேர் சேர்ந்து வர, எட்டுக்கு ஒன்பது. அவர்கள் ஒரு கோல். கூட்டம் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததாம், அடுத்து எந்தக் கல்லூரிக்காரன் வருவான் என்று.

மாடியில் கடைசியாக மிஞ்சியது நான். நானும் மாஸ்டரும்.

மூன்று வரி சுத்தமாக வரும். நாலாவது வரியில், இன்னும் ஒன்றுதான் பாக்கி என்று மனம் சொல்லும். விரல் வழுக்கும். தாளை உருவி, கசக்கி, புதுத்தாள். காலடியில் கசங்கிய தாள்கள் முட்டைக்கோஸ்போல் குவிந்தன. மறுபடியும் கைக்கடிகாரங்களோடு உட்காரவைத்துவிட்டார்கள் என்றே தோன்றியது. இந்த முறை வேறு யாரும் அல்ல, நானே எழுதிய விதி.

நிமிர்ந்து பார்த்தால் மாஸ்டர் என்னைவிட மோசமாக இருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கும் சன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"சீக்கிரம் அடிய்யா. எனக்கும் பாக்கணும்."

"அப்ப விட்டுடுங்களேன் மாஸ்டர்."

"அது எப்புடி? விதி விதிதான்."

"நீங்க மட்டும் போங்க."

"வகுப்புல ஒருத்தன் இருக்கும்போது வாத்தியாரு எழுந்து போறதா?" என்று சொல்லிவிட்டு, அதற்குள் கீழே யாரோ ஓடுவதைப் பார்த்துச் சன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டினார். "ஏம்ப்பா! எவ்வளவு? எவ்வளவு? என்னது, ஒண்ணுக்கு ஒண்ணா? எத்தன பேரு நிக்கிறாங்க? ஐயையோ, சும்மா கத்தாம வெவரமாச் சொல்லுய்யா!"

அவர் கத்திய கத்தலில் நான் என்னை மறந்துவிட்டேன். அவருடைய கவலை அத்தனை பெரிதாக இருந்ததால், என்னுடையதற்கு அறையில் இடமில்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் தலையை உள்ளே இழுத்தபோது ஐந்து வரியும் முடிந்திருந்தது. சரக்கு நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டது. அவர் தாளை எடுத்து, வாசிக்க ஒரு கணம், கையெழுத்துக்கு ஒரு கணம். பிறகு நாங்கள் இருவரும் படியிறங்கியதைப் படியிறங்கியது என்று சொல்ல முடியாது.

பஃபலோ ரோடு முழுக்க ஓட்டம். பூக்கடைக்காரர்கள் விலகி வழி விட்டார்கள். மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மழையே இல்லாத வானத்தின் கீழ் குடையை விரித்தபடி பின்னால் ஓடிவந்தார். ஏன் விரித்தார் என்று அவருக்கே தெரியாது. ஓடும்போது அதுவாக விரிந்திருக்கலாம்.

திடலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஒன்றுக்கு ஒன்றுதான். பாய் என் தாளைக் கையில் வாங்கி, தூரப் பிடித்துப் பார்த்து, "ஓகே லா, உள்ள போ," என்றார். நாங்கள் பதினொன்று, அவர்கள் ஒன்பது. அவர்களுடைய கோல்கீப்பருக்கு இன்னும் ஐந்தொகை சரியாக வரவில்லையாம். கம்பத்துக்கு நடுவில் ஒரு குட்டையான ஃபார்வர்டு நின்றுகொண்டிருந்தார்.

"எங்கடா போயிட்ட? மாமியா வீட்டுக்கா?" என்றார் கேப்டன். மூச்சு வாங்கிக்கொண்டே என் இடத்தில் போய் நின்றேன். முதல் பந்து என் பக்கம் வந்தது. வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு, எங்கேயாவது போய்த்தொலை என்று ஓங்கி ஓர் உதை. பந்து திடலின் பாதியைத் தாண்டி, புல்லில் ஒரு குத்துக் குத்தி எழும்பி, அந்தக் குட்டை மனிதரின் நீட்டிய கைகளுக்கு ஒரு சாண் மேலே போய் உள்ளே விழுந்தது. கண்ணைத் திறந்தபோது எல்லோரும் என்னை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தார்கள். என்ன தப்பு செய்துவிட்டோமோ என்று நான் பின்வாங்கினேன்.

பாய் கடைசி விசிலை ஊதி வாயிலிருந்து எடுப்பதற்குள், அவர்களுடைய கோல்கீப்பர் ஒரு நீளத்தாளை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு திடலுக்குள் ஓடிவந்தார். "சரியா வந்திட்டுது! மாஸ்டர், ரெண்டு பக்கமும் சரியா வந்திட்டுது!" கணக்கு மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. முதல்முறையாக அவர் வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்த்தேன். "விடு தம்பி. சோதினையிலயாவது பாஸ் பண்ணு," என்றார். அந்தக் கோல்கீப்பர் அந்த ஆண்டு உண்மையாகவே பாஸ் செய்தார்.

கோப்பைக்குள் இருந்த கரண்டிகளைப் பாய் எடுத்து வைத்துவிட்டு, அதைக் கழுவாமலே கொடுத்தார். இரவு முழுக்க அதில் மீ வாசனை. அடுத்த வாரம் அதே ஐந்து பேர் அதே மாடியில் கூடி, ஆட்ட நாளில் வகுப்பு வைக்கக்கூடாது என்று ஒரு விதி சேர்த்தோம். வகுப்புக்கு வர வேண்டும் என்ற விதியை எடுத்துவிடலாமா என்று கணக்கு மாஸ்டரே கேட்டார். வேண்டாம் என்றவர் கேப்டன். அவருக்குத் தட்டச்சு பிடித்துப்போயிருந்தது. அறுபதுகளில் புக்கிட் மேராவில் வீடு கிடைத்துப் போனபோது அவர் வின்ச்சை விட்டுவிட்டு, துறைமுக அலுவலகத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார். நான் இன்றும் துணிதான் அளக்கிறேன். ஐந்து வரிக்கு மேல் அடித்ததில்லை.

வென்றவர்களுக்கு அந்த மாதச் சம்பளம் திருப்பித் தரப்படும் என்ற விதி மட்டும் எழுதியதோடு நின்றது. நான் கேட்டேன். செயலாளர் என்ற முறையில் பதினோரு பேருக்காகவும், பிறகு எனக்காகவும். தட்டச்சு மாஸ்டர் நாற்காலிக்குக் கீழே குனிந்து, ஒரு காகிதப் பையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். நான் கசக்கிப்போட்ட தாள்கள்.

"தாளு சும்மா வருதா? மொதல்ல இதுக்குக் கணக்குப் பாப்போம்."

பார்க்கவே இல்லை. எங்கே கண்டாலும், "பாத்துக்கிட்டே இருக்கேன்ய்யா," என்று குடையை ஆட்டிவிட்டுப் போவார். ஆக, கல்லூரி எனக்குத் தரவேண்டிய பாக்கி: ஐந்து வெள்ளி.